பொருளொடு புணரா நகைமொழி: கடிஜோக்கின் இலக்கணமும் மன்னவனூர்ப் பாதையின் ஊர்ப்பெயர்களும்

ஆய்வுச்சுருக்கம்

சிரிப்பு வராது என்று தெரிந்தே சொல்லப்படும் சொல்விளையாட்டு தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘கடிஜோக்’ எனப்படுகிறது. இது தோற்றுப்போன நகைச்சுவையாகவும் சிலேடையின் இழிந்த வடிவமாகவும் ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. தோல்வி இதன் குறையன்று, இதன் அமைப்பே என்று இக்கட்டுரை வாதிடுகிறது. தொல்காப்பியம் கூறும் நகைமொழி, பிசி, நகை என்னும் மெய்ப்பாடு ஆகியவற்றையும் தண்டியலங்காரத்தின் சிலேடைப் பாகுபாட்டையும் அளவுகோலாகக் கொண்டு அவ்வமைப்பு விளக்கப்படுகிறது. கொடைக்கானலிலிருந்து மேற்கே மன்னவனூர் செல்லும் பாதையின் ஊர்ப்பெயர்கள் சோதனைக்களமாகின்றன. கடிஜோக்கும் வழக்காற்றுப் பெயர்விளக்கமும் ஒரே ஒலிக்கருவியைக் கொண்டு இயங்குவதால், முன்னதைப் பற்றிய முடிவு பின்னதைப் பற்றிய ஆய்வுமுறையையும் தொடுகிறது.

திறவுச்சொற்கள்: கடிஜோக், மொக்கை, சிலேடை, நகைமொழி, பிசி, ஊர்ப்பெயராய்வு, மன்னவனூர்.

வழக்கில் உள்ள பெயர்கள்

சிரிப்பு வராத நகைச்சுவைக்குத் தமிழில் பெயர்ப்பஞ்சம் இல்லை. கடி, அறுவை, பிளேடு, ரம்பம், மொக்கை எனக் கல்லூரி விடுதிகளிலும் பேருந்துகளிலும் வழங்கும் சொற்கள் பல. இவற்றுள் சில, நீண்ட சலிப்பூட்டும் பேச்சு முழுவதையும் குறிக்கும். ‘கடி’ மட்டும் பெரிதும் சொல்விளையாட்டுக்கே உரியதாக நிலைத்துவிட்டது. எல்லாப் பெயர்களும் உடலில் படும் காயத்தைப் பேசுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. பல்லால் கடித்தல், கத்தியால் அறுத்தல், ரம்பத்தால் இழைத்தல் என்பன வெளிப்படை. மொக்கை என்பதோ கூர் மழுங்கியது. அது காயத்தைக் குறைப்பதாகத் தோன்றலாம். ஆனால் மழுங்கிய கத்தியால் அறுபடுவது கூரிய கத்தியால் அறுபடுவதைவிட நீண்ட வேதனை; வழக்கு அதை அறிந்தே அச்சொல்லைத் தேர்ந்திருக்கிறது.

பிற மொழிகள் வேறு உருவகங்களை நாடியுள்ளன. துருக்கியர் இத்தகைய துணுக்கைக் ‘குளிர்ந்த’ நகைச்சுவை என்பர். சீனத்திலும் ‘குளிர்ந்த சிரிப்புரை’ என்ற தொடரே வழங்குகிறது. மோசமான சொல்விளையாட்டைக் கேட்ட ஜப்பானியர் ‘குளிர்கிறது’ என்பர். ஜெர்மானியர்க்கு அது ‘தட்டையான’ துணுக்கு. குளிர் என்பது அவையின் நிலை. தட்டை என்பது துணுக்கின் வடிவம். தமிழ் உருவகம் அவையையும் பேசவில்லை, துணுக்கையும் பேசவில்லை. கேட்பவரின் உடலைப் பேசுகிறது. சொல்பவர் செய்பவராகவும் கேட்பவர் படுபவராகவும் இலக்கணம் அமைந்துவிடுகிறது: ‘கடிக்கிறான்’, ‘கடிபட்டேன்’. கடிஜோக் ஒரு பனுவலன்று, இருவருக்கிடையே நிகழும் ஒரு வினை என்ற உணர்வு இப்பெயரிலேயே பதிந்திருக்கிறது.

தொல்காப்பிய உரியியல் ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குத் தரும் பல பொருள்களுள் கூர்மையும் ஒன்று, அச்சமும் ஒன்று. இன்றைய ‘கடி’யை அதனோடு பிணைத்துத் தொன்மை காட்டும் ஆசை எவருக்கும் எழும். உரிச்சொல் வேறு, பல்லால் கடிக்கும் வினை வேறு. ஒலி ஒன்றாயிருப்பதை மட்டும் கொண்டு இரண்டையும் இணைத்தால் அதுவும் ஒரு கடிஜோக்காகவே முடியும்.

நகைமொழிக்கும் பொய்ம்மொழிக்கும் இடையில்

செய்யுளியல் உரைநடையை நான்காக வகுக்கும்போது இரண்டு வகைகளை அடுத்தடுத்து வைக்கிறது. ஒன்று, பொருள் மரபு இல்லாத பொய்ம்மொழி. மற்றொன்று, பொருளோடு சேர்ந்த நகைமொழி. முன்னதற்குப் பேராசிரியர் தரும் சான்று, யானையும் குருவியும் நட்புக்கொண்டு ஏதேதோ செய்தன என்னும் கதை. நடவாததைச் சொன்னாலும் அது கதையாக நிற்கிறது. பின்னது சிரிக்கவைக்கும், ஆயினும் அதற்குப் பொருள் வேண்டும் என்பது நூலின் நிபந்தனை. இந்த நிபந்தனையை எதிர்மறையாக்கிப் பார்த்தால் ஓர் இடம் வெற்றிடமாக நிற்பது தெரியும்: பொருளொடு புணரா நகைமொழி. நகைமொழியின் உருவம் முழுவதும் இருக்கும். புணர வேண்டிய பொருள் மட்டும் இராது. அதன் இடத்தில் ஒலி அமர்ந்திருக்கும். கடிஜோக்கின் இடம் இதுவே.

பிசியோடும் இதனை ஒப்பிட வேண்டும். வினா–விடை உருவத்தால் கடிஜோக் விடுகதையை ஒத்திருப்பதால், இதனை விடுகதையின் இன்றைய வழித்தோன்றலாகக் கருத இடமுண்டு. அக்கருத்து நிற்காது. தொல்காப்பியர் பிசியை உவமையோடு சேர்ந்தது, தோன்றுவதைச் சொல்லித் துணியவைப்பது என இருவகைப்படுத்துகிறார். இரண்டிலும் விடை வினாவுக்குள்ளேயே மறைந்திருக்கிறது, அறிவுள்ளவர் கண்டடையலாம், கண்டடைந்தால் அவருக்குப் பெருமை. கடிஜோக்கில் விடையைக் கண்டுபிடிக்க முயல்வதே பிழை. ‘தெரியவில்லை, நீயே சொல்’ என்பதே கேட்பவரின் கடமை. சொல்லிவிட்டால் ‘முன்பே கேட்டுவிட்டாயா?’ என்ற ஏமாற்றமே மிஞ்சும். விடுகதையில் தோற்பவர் விடை தெரியாதவர். இங்கே விடை தெரிந்தால் இருவரும் தோற்கிறார்கள்.

இப்பண்பை உளவியல் நோக்கில் முதலில் குறித்தவர்களுள் ஃபிராய்டு ஒருவர். நகைச்சுவைத் துணுக்குகள் பற்றிய 1905ஆம் ஆண்டு நூலுக்கு 1912இல் அவர் சேர்த்த அடிக்குறிப்பு ஒன்று, துணுக்குப்போல் வேடமிட்டு வரும் அபத்தங்களைப் பேசுகிறது. கேட்பவர் அபத்தத்துக்குப் பின்னால் ஏதோ பொருள் இருக்குமென்று தேடுகிறார், எதுவும் இல்லை. ஏமாற்றி எரிச்சலூட்டிய மகிழ்ச்சி சொல்பவருக்குக் கிடைக்கிறது. ஏமாந்தவரோ தாமும் இதை வேறொருவரிடம் சொல்லலாம் என்ற எண்ணத்தால் எரிச்சலைத் தணித்துக்கொள்கிறார். பள்ளி வகுப்புகளில் ஒரு கடிஜோக் பரவும் விதத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் அரிது. எனினும் ஃபிராய்டின் கண் எரிச்சலில் மட்டுமே நிற்கிறது. ‘ஐயோ, கடிக்காதே’ என்று தலையில் அடித்துக்கொள்பவரின் முகத்தில் எரிச்சலோடு சேர்ந்து வரும் நட்பு அவருடைய கணக்கில் இல்லை. தோற்ற நகைச்சுவைக்குக் கேட்போர் தரும் எதிர்வினைகளை, வேண்டுமென்றே சப்பென்ற ஒரு துணுக்கைச் சொல்லித் தொகுத்த நான்சி பெல்லின் ஆய்வு (2009) இவ்விடத்தில் கூடுதல் உதவி தரும். சிரிப்பின்மை என்பது வெறும் மௌனமன்று என்பதை அத்தொகுப்பு காட்டுகிறது. முனகல், கேலி, சொன்னவரைத் திட்டுதல் என அதற்குப் பல வடிவங்கள் உண்டு.

சிலேடையிலிருந்து எவ்விடத்தில் பிரிகிறது

கடிஜோக்கைச் சிலேடையின் சீரழிவு என்பாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பாம்பையும் வாழைப்பழத்தையும், பாம்பையும் எள்ளையும், வைக்கோலையும் யானையையும் ஒரே செய்யுளில் நிறுத்திய காளமேகப் புலவரின் மொழியிலா இன்று ‘ஆடு’ என்ற சொல்லை வைத்து ஒப்பேற்றுகிறார்கள் என்ற ஆதங்கம் நியாயமானதே. ஆனால் அளவுகோல் பொருந்துகிறதா என்பதே வினா. இதற்கு எடுத்துக்காட்டுகள் தேவை. கீழே வருவன இக்கட்டுரைக்கென்று கடிஜோக்கின் வாய்பாட்டில் அமைத்துக்கொள்ளப்பட்ட மாதிரிகள். களத்தில் திரட்டப்பட்டவை அல்ல. திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டத்தில், நகரிலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை எனச் செல்லும் மலைப்பாதையின் பெயர்களை அவை பயன்படுத்துகின்றன. சுற்றுலா வேன்களில் மணிக்கணக்கில் வளைவுகளைக் கடக்கும் பயணம், கடிஜோக்குக்கு இன்றியமையாத ஒரு நிபந்தனையை நிறைவுசெய்கிறது: கேட்பவர் எழுந்து போக முடியாது.

மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அதை வைத்து ஒன்று:

“மன்னவனூர்ப் பண்ணையில ஏன் யாருமே பாடுறதில்ல?”
“ஏன்?”
“அங்க இருக்கிறதெல்லாம் ஆடு.”

ஊர்ப்பெயரை வைத்து மற்றொன்று:

“மே மாசம் கோடைக்கானல் போனவரு ஏன் ஏமாந்து திரும்பினாரு?”
“ஏன்?”
“அங்க கோடை காணல.”

தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என இரண்டாக்கும். சொல் பிரியாமல் இருபொருள் தருவது முதலாவது. வேறுவேறாகப் பிரிக்கப்பட்டு இருபொருள் தருவது இரண்டாவது. ‘ஆடு’ செம்மொழி வகைக்கு ஒழுங்காகப் பொருந்துகிறது. பெயராகவும் ஏவல் வினையாகவும் அது எழுத்து மாறாமல் நிற்கிறது. ‘கோடை காணல’ பிரிமொழிபோல் தோன்றுகிறது. ஆனால் பிரித்துப் பார்த்தால் எதுவும் ஒத்துவரவில்லை. ககர ஒற்று மறைகிறது, னகரம் ணகரமாகிறது, இறுதி லகர ஒற்று, ‘காணவில்லை’ என்பதன் பேச்சுருவில் உயிர்மெய்யாகிறது. காளமேகத்தின் செய்யுளில் இவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் அது வழு. கடிஜோக்கில் மூன்றும் சேர்ந்து நேர்வதே சுவை. ‘ஆடு’ துணுக்கைவிட இரண்டாவதற்கு உரத்த முனகல் எழுமானால் காரணம் இதுவே. ஒலி ஒப்புமை துல்லியமாக இருந்தால் கேட்பவர் தம்மையறியாமல் பாராட்டிவிடுவார், கடி வீணாகிவிடும். மிக மோசமான சொல்விளையாட்டே மிகச் சிறந்தது என்னும் பொருளில் ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம் எழுதியது வெறும் குறும்பன்று.

மற்றொரு வேறுபாடு காலம் சார்ந்தது. சிலேடை இரண்டு பொருளையும் ஒருங்கே பிடித்துக்கொண்டு செய்யுள் முடியும்வரை செல்கிறது. கடிஜோக் முதற்பொருளைக் காட்டிவிட்டு, நிறுத்தி, கேட்பவரிடம் ஒரு ‘ஏன்?’ பெற்றுக்கொண்டு, பிறகே மற்றதற்குத் தாவுகிறது. அந்த ‘ஏன்?’ ஒரு சம்மதக் கையொப்பம். கிரேசி மோகனின் நாடக, திரைப்பட உரையாடல்களில் ஒலிச்சிலேடைகள் குவிந்திருந்தும் அவை கடியாக உணரப்படாமைக்குக் காரணம் இங்கே கிடைக்கிறது. அவை நிற்பதில்லை, ஒன்று புரிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது, ‘ஏன்?’ என்று கேட்க எவருக்கும் நேரமில்லை.

யார் எள்ளப்படுகிறார்

மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. எள்ளலை, பிறரைத் தாம் எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டபோது தாம் நகுதல் என இரண்டாகக் கொள்வது பேராசிரியர் உரை. மடன் என்பதை அவர் ஒருவர் கற்பித்ததைக் கொண்டு, கொண்டதை விடாமை என்பார். கரகாட்டக்காரன் (1989) படத்தின் வாழைப்பழக் காட்சி இந்த வரையறைக்கு எழுதிய உரைபோல் இருக்கிறது. கேட்கப்பட்ட இரண்டாவது பழத்துக்குக் கையில் இருக்கும் பழத்தையே விடையாகக் காட்டி, எவ்வளவு அடித்தாலும் அவ்விடையை விடாதவர் அக்காட்சியின் நாயகர். அங்கே சொல்விளையாட்டு இல்லை. ஆகவே அது கடிஜோக் அன்று. ஆனால் கடிஜோக் சொல்பவர் எடுத்துக்கொள்ளும் பாத்திரம் அதுவேதான். ஒரு சொல்லின் ஒலியைப் பற்றிக்கொண்டு, அதன் பொருளை எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் விடாத மடனை அவர் அறிந்தே நடிக்கிறார். சிரிப்பு எழுமானால் அது துணுக்கின் மேல் எழுவதன்று. இதைச் சொல்லத் துணிந்தவரின் மேல் எழுவது. எள்ளப்படுபவர் சொல்பவரே.

இதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். அச்சிதழ்த் துணுக்குகளில் மனைவி, மாமியார், வேலைக்காரர், குறிப்பிட்ட இனத்தார் எனப் பலியாட்கள் தேவைப்பட்ட ஒரு மரபில், பலியாள் இல்லாமல் இயங்கும் வகை ஒன்று இருப்பது ஆய்வுக்கு மதிப்புள்ள செய்தி. ஆயினும் ‘அர்த்தமற்றது’ என்ற போர்வையே ஐயத்துக்குரியதாகலாம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரவிய யானைத் துணுக்குகளை ரோஜர் ஏப்ரகாம்ஸ், ஆலன் டண்டிஸ் இருவரும் 1969இல் ஆராய்ந்தபோது, பொருளற்றவையாகத் தோன்றிய அவற்றினடியில் குடியுரிமைப் போராட்டக் காலத்து வெள்ளையரின் அச்சத்தைக் கண்டனர். அவ்விளக்கம் சற்று இழுத்துக் கட்டப்பட்டது என்றே தோன்றுகிறது. எனினும் தமிழின் யானை–எறும்புத் துணுக்குகளைத் தொகுப்பவர் அதை ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அதிகாரம் துணுக்கின் உள்ளடக்கத்தில் இல்லாதபோதும் நிகழ்வில் இருக்கக்கூடும். விரிவுரையாளர் வகுப்பில் கடித்தால் மாணவர் முனக முடியாது, சிரித்துத்தான் ஆகவேண்டும். முனகும் உரிமை பறிக்கப்பட்ட இடத்தில் கடிஜோக் தன் இயல்பை இழந்து, வெறும் பணிவுச் சிரிப்பை வாங்கும் கருவியாகிறது.

பெயர்விளக்கமும் கடியும்

மன்னவனூர்ப் பாதையின் பெயர்களைத் தேர்ந்ததற்குக் காரணம் இனி வருவது. கொடைக்கானல், கோடைக்கானல் என இரு எழுத்துவடிவங்களும் இன்றும் வழங்குகின்றன. கோடைக்காலத்தோடும் கொடியோடும் கானகத்தோடும் இப்பெயரை இணைக்கும் விளக்கங்கள் சுற்றுலாக் கையேடுகளில் தாராளமாகக் கிடைக்கும். ‘கோடை’ ஒரு மலையின் பெயராகவே பழைமையுடையது. கோடைமலைத் தலைவன் கடியநெடுவேட்டுவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய புறநானூற்றுப் பாடல் உண்டு. கோடை என்பது மேல்காற்றுக்கும் பெயர். ‘கானல்’ என்றதும், அகராதிப் பொருள்கள் பலவாயினும், இலக்கிய வாசகர் காதில் முதலில் ஒலிப்பது சிலப்பதிகாரக் கானல்வரியின் கடற்கரைச் சோலை. குறிஞ்சி நில நகரம் ஒன்று நெய்தல் நிலச் சொல்லைத் தாங்கி நிற்பது, எவரும் திட்டமிடாமல் அமைந்த கடி.

இவ்விளக்கங்களுள் சில சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவற்றை வழங்குவோர் கையாளும் கருவி, ‘கோடை காணல’ என்பதில் கையாளப்பட்ட கருவியே: பெயரை ஒலிவழி வெட்டு, துண்டுகளுக்குப் பழகிய சொற்களைப் பொருத்து, மிஞ்சும் எழுத்துகளைக் கண்டுகொள்ளாதே. மன்னவனூர் இன்னும் தெளிவான சான்று. மன்னவன் + ஊர் என்னும் பிரிப்பு எழுத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறது, ‘எந்த மன்னவன்?’ என்ற வினா எழுந்தவுடன் ஒரு கதைக்கு இடம் உண்டாகிவிடுகிறது. அதே வெட்டை வேறொரு முகத்தோடு செய்தால்:

“மன்னவனூர்ல தப்பு செஞ்சா என்ன கேக்கணும்?”
“என்ன?”
“மன்னிப்பு.”

ஒன்றில் ‘மன்ன’ என்னும் ஒலித்துண்டு அரசனைத் தருகிறது, மற்றொன்றில் மன்னிப்பைத் தருகிறது. முதலாவது தலவரலாறாக அச்சேறும் தகுதி பெறுகிறது. இரண்டாவதற்கு முனகல் கிடைக்கிறது. பிரிப்பின் எளிமை ஒன்றை வரலாறாக்கிவிடாது. கல்வெட்டு, வருவாய் ஆவணம், அண்டை ஊர்ப்பெயர்களின் அமைப்பு ஆகியவற்றின் துணை வரும்வரை முறையியல் நோக்கில் இரண்டும் ஒரே தளத்தில் நிற்பவை. ஒரு வேறுபாடு உண்டென்றால், கடிஜோக் தான் ஒலியை மட்டுமே நம்பியிருப்பதை மறைப்பதில்லை. அந்த வகையில் அது நேர்மையானது. ஊர்ப்பெயராய்வில் ஒரு விளக்கத்தை ஏற்குமுன் அதைக் கடிஜோக்கின் தொனியில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது பயனுள்ள சோதனை. அத்தொனியிலும் சிதையாமல் நிற்கும் விளக்கத்துக்கு ஒலிக்கு அப்பாலும் ஏதோ ஆதாரம் இருக்கிறது என்று தேடத் தொடங்கலாம்.

இச்சோதனையைச் சிக்கலாக்கும் பெயர் ஒன்று இதே பாதையில் இருக்கிறது.

“பூண்டியில என்ன விளையும்?”
“என்ன?”
“பூண்டு.”

வாய்பாடு பிசகவில்லை, ஒலித்தாவல் இருக்கிறது, பொருந்தாத எழுத்தும் இருக்கிறது. ஆனால் பூண்டியில் பூண்டு உண்மையாகவே விளைகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு பயிராகும் ஊர்களுள் பூண்டியும் ஒன்று. தமிழகத்தில் வேறு பல இடங்களிலும் பூண்டி என்ற ஊர்ப்பெயர் வழங்குவதால், பெயருக்கும் பயிருக்கும் தொடர்பு காட்டுவது கடினம். ஆயினும் விடை பொய்யன்று. சமவெளியிலிருந்து வந்த பயணிக்கு இது கடிஜோக். பூண்டியைச் சேர்ந்த விவசாயிக்கு இது ஒரு தகவல், ‘ஆமாம், விளையும், உருளைக்கிழங்கும் போடுவோம்’ என்று அவர் விடையை நிறைவுசெய்யவும் கூடும். பொருளொடு புணராதிருப்பதே கடிஜோக்கின் இலக்கணம் என்றால், அப்புணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்பதைத் துணுக்கின் எழுத்துருவைப் பார்த்து முடிவுசெய்ய இயலாது. கேட்பவர் எந்த ஊர்க்காரர் என்பது தெரிந்தாக வேண்டும்.

அச்சிலும் மின்வெளியிலும் உள்ள கடிஜோக் தொகுப்புகள் வினாவையும் விடையையும் மட்டுமே தருகின்றன. நடுவில் வரும் ‘ஏன்?’ அவற்றில் இல்லை. இறுதியில் வரும் முனகலும் இல்லை. கேட்டவர் நண்பரா, மாணவரா, அந்த ஊர் விவசாயியா என்ற குறிப்பும் இல்லை. பூண்டித் துணுக்கு அத்தகைய தொகுப்பொன்றில் இடம்பெற்றால் அது கடியா, வேளாண் குறிப்பா என்று பின்வரும் ஆய்வாளரால் சொல்ல முடியாது. களப்பணியாளரின் பதிவுத்தாளில் விடைக்குக் கீழே இன்னும் ஒரு வரி வேண்டும்: கேட்டவர் யார், கேட்டதும் என்ன செய்தார்.